கேபினுக்குள் மழைத் தண்ணீர்: பழைய பிக்கப்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் எங்கள் டிங்கரிங் பட்டறைக்கு இடித்து வரும் வண்டிகளைவிட ஒழுகி வரும் வண்டிகள்தான் அதிகம். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். கம்பெனி பெயர்களை எடுத்துவிட்டேன். பழைய பிக்கப் எதுவானாலும் தண்ணீர் நுழையும் வழிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கேள்வி (நாமக்கல், முட்டை லோடு): அண்ணே, 2008 மாடல் வண்டி. மழை பெய்தால் டிரைவர் கால்மாட்டில் தண்ணீர் தேங்குகிறது. முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் அடித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நின்றது, மறுபடியும் வருகிறது. கண்ணாடியையே கழற்றி மாட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை என்று நினைத்தால் செலவு மட்டும்தான் மிஞ்சும். ரூஃப் மடிப்பில் நுழைந்த தண்ணீர் கண்ணாடி ஓரத்துத் தூணுக்குள்ளேயே இறங்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு வந்து கிளட்ச் பெடல் மேல் சொட்டும். பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி ஒழுகுவதுபோலத்தான் தெரியும்.

முதலில் மேட், அதற்கடியில் இருக்கும் கார்பெட், பஞ்சு எல்லாவற்றையும் தூக்கித் தகரம் தெரிய வையுங்கள். பெடலுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை அதில் லேசாக அப்பி விடுங்கள். டேஷ்போர்டு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவர் கழன்று வந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் கூடாது, அது நல்ல ரப்பரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும்.

கீழிருந்து மேலே வாருங்கள். வைப்பர் பக்கத்துப் பள்ளம், அப்புறம் கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரங்கள், மேல் ஓரம், கடைசியாக ரூஃப். ஒவ்வோர் இடத்திலும் 5 முதல் 10 நிமிடம் தண்ணீர் ஓடட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது உள்ளே விட்டது என்று சொல்லவே முடியாது. ஒழுகத் தொடங்கியதும் பவுடரில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

டிரைவர் கால்மாடு என்றால் என் முதல் சந்தேகம் கண்ணாடி மேல் இல்லை. கிளட்ச் கேபிள், ஒயரிங், ஸ்டீயரிங் ராடு எல்லாம் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளைகள் மேல்தான். அங்கிருக்கும் ரப்பர் புஷ் வருஷக்கணக்காக இன்ஜின் சூட்டில் காய்ந்து வெடித்திருக்கும்.

அந்த சிலிக்கானைப் பற்றி ஒன்று. அடிக்கும்போது வினிகர் வாசனை வந்ததா? அப்படியானால் அது காயும்போது அமிலம் விடும் ரகம். பெயிண்ட் போன தகரத்தில் அது துருவைக் கிளப்பும். அதன் மேல் வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சோதனையை ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): நிற்கும்போது எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு வராது. மழையில் ஓட்டினால்தான் தரை நனைகிறது.

பதில்: அப்படியென்றால் தண்ணீர் கீழிருந்து வருகிறது. முன் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர், மட்கார்டுக்கு உள்ளே தகரமும் தகரமும் சேரும் இணைப்பில் மோதும். அங்கே சீலர் உதிர்ந்திருந்தாலோ துரு தின்றிருந்தாலோ நேராகக் கால்மாட்டுக்கு வந்துவிடும். தரையில் இருக்கும் ரப்பர் அடைப்புகளையும் பாருங்கள், ஒன்றிரண்டு விழுந்து போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்பக்கம் ஹோஸ் அடித்தால் தெரிந்துவிடும். ராத்திரியில் வண்டிக்கு அடியில் டார்ச்சைப் பிடித்துவிட்டு, கேபினுக்குள் இருட்டில் பார்ப்பதும் நல்ல வழி. ஊசி முனை வெளிச்சம்கூடப் பளிச்சென்று தெரியும்.

கேள்வி (பொள்ளாச்சி): வேப்ப மரத்தடியில்தான் வண்டி நிற்கும். மழைக்குப் பிறகு புளோயர் போட்டால் தண்ணீர் தெறிக்கிறது, இடப்பக்கத்து மேட்டும் ஈரம்.

பதில்: பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில் வழியாகத்தான் புளோயர் வெளிக்காற்றை இழுக்கும். அந்தப் பள்ளத்தில் விழும் மழை இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் துளை வழியாக வெளியே போக வேண்டும். வேப்பங்காம்பும் பூவும் சேர்ந்து துளையை அடைத்துக்கொண்டால், மொட்டை மாடியில் குழாய் அடைத்ததுபோலத் தண்ணீர் நிற்கும். நின்றது புளோயர் வாய் உயரத்துக்கு ஏறியதும் உள்ளே கொட்டும். கிரில்லைக் கழற்றி, கையால் அள்ளி எடுங்கள். ஹோஸ் அடித்து உள்ளே தள்ளாதீர்கள், இன்னும் ஆழத்தில் போய் அடைக்கும். அள்ளிய பிறகு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் முன்சக்கரத்துக்குப் பின்னால் சளசளவென்று கொட்டினால் சரி.

கேள்வி (சேலம்): மழையே இல்லை, ஆனாலும் ஈரமாக இருக்கிறது.

பதில்: ஏ.சி. போடும் நாட்களில் மட்டும் என்றால், கூலிங் காயில் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. தொட்டால் பிசுபிசுப்பு, மோந்தால் இனிப்பு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் என்றால் ஹீட்டர் காயிலிலிருந்து கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. இரண்டாவதை ஒத்திப்போட வேண்டாம், இன்ஜினே சூடேறி நின்றுவிடும்.

கேள்வி (வவுனியா, டபுள் கேப்): அண்ணா, முன் கதவு ரப்பர் இரண்டும் புதிதாகப் போட்டேன். அப்படியும் கதவின் அடியிலிருந்து உள்பக்கமாகத் தண்ணீர் வருகிறது.

பதில்: பலருக்கும் புரியாத இடம் இது. கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு இல்லை, அது போகத்தான் செய்யும். ஏற்றி இறக்கும் கண்ணாடியின் வெளி ஓரத்து ரப்பர் தண்ணீரை முழுசாக நிறுத்தாது. உள்ளே இறங்கிய தண்ணீர் கதவின் அடி விளிம்பில் இருக்கும் துளைகள் வழியாக ரோட்டில் விழும்படிதான் கதவைச் செய்திருக்கிறார்கள். கேபின் பக்கம் வராமல் தடுப்பது, டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க மூடி) பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்.

ஸ்பீக்கர் மாட்டினீர்களா, பவர் விண்டோ வேலை பார்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பேடைக் கழற்றுகிறவர்கள் அந்த ஷீட்டை எதற்கும் உதவாத கவர் என்று நினைத்துக் கிழித்து வீசிவிடுவது வழக்கம். கனமான பாலித்தீனை அதே அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் டேப்) சுற்றி ஒட்டுங்கள். ஒரு சூட்சுமம்: ஷீட்டின் அடி ஓரம் கதவுத் தகரத்தின் உள்பக்கமாகப் போக வேண்டும். வெளியே தொங்கவிட்டால் ஷீட்டே தண்ணீரைக் கேபினுக்குள் கொண்டுவந்து விடும். அடித் துளைகளையும் கம்பியால் குத்திவிடுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது அவற்றைப் பட்டி வைத்து மூடிவிடுவதும் உண்டு.

புது ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் அழுத்தவில்லை. ரப்பரை மாற்றுவதற்கு முன் கதவுக் கீலையும் லாக் கொக்கியையும் சரிபார்த்திருந்தால் காசு மிச்சமாகியிருக்கும்.

கேள்வி (ஹூஸ்டன்): 1997 மாடல் அமெரிக்க பிக்கப். சீட்டுக்குப் பின்னால், கேபினின் பின்சுவர் மட்டும் நனைகிறது.

பதில்: கேபின் உச்சியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டைக் கழற்றிப் பாருங்கள் சார். அமெரிக்காவில் 1994 மாடலிலிருந்து பிக்கப்புகளுக்கும் அந்த லைட் கட்டாயம். அதற்காகத் தகரத்தில் வெட்டிய துளையை மூடுவது ஒரு ஃபோம் கேஸ்கெட் மட்டுமே. இத்தனை வருஷ வெயிலில் அது பொடிப்பொடியாக உதிரும். புது கேஸ்கெட் மலிவு. அப்படியும் நிற்கவில்லை என்றால் பின்பக்கத்து ஸ்லைடிங் கண்ணாடி. அதன் அடித் தடத்தில் தண்ணீர் வெளியேறத் துளைகள் உண்டு, தூசி அடைத்தால் தண்ணீர் உள்பக்கமாக வழியும். பழைய டூத் பிரஷ் போதும்.

கேள்வி (திருச்சி): கேபின் மேல் கேரியர் வைத்த பிறகு உள் ரூஃபில் பழுப்புக் கறை.

பதில்: போல்ட்டுக்கு ஓட்டை போட்டவர்கள் வாஷர் வைத்தார்களோ இல்லையோ, ஓட்டை விளிம்பில் பிரைமர் அடித்திருக்க மாட்டார்கள். போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, ரப்பர் வாஷரோடு பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து முடுக்குங்கள். குழைத்து ஒட்டும் எப்பாக்ஸி வேண்டாம். கல்லாக இறுகிவிடும், லோடோடு வண்டி குலுங்கும்போது விரிசல் விட்டுவிடும். ரூஃப் ஓரத்தில் மழைநீர் ஓடும் பள்ளத்தில் இருக்கும் பழைய சீலரிலும் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம், மீன் லோடு): ஒழுகல் நின்றுவிட்டது. ஆனால் நாற்றம் போகவில்லை, தரையிலும் ஓட்டை. அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடிக்கலாமா?

பதில்: நாற்றம் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் தண்ணீர் வரும். சீட்டைக் கழற்றி, பஞ்சை வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள். காய வைத்துப் பயனில்லை, புதுசு போடுங்கள். டேஷ்போர்டு அடியில் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ், ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அலுமினியம் வேண்டாம். இரும்போடு அது தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும், மீன் வண்டியில் உப்புக்கா பஞ்சம்? துரு தின்ற பகுதியை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்து, இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலும் கீழும் பிரைமர், சீலர் அடிக்க வேண்டும். அதற்கு முன் கேபினை சேஸிஸில் தாங்கும் மவுண்டிங் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அங்கேயும் உள்ளே இறங்கினால் தரைக்குத் தகடு வைக்கும் காசு வீண். பழைய கேபின் ஒன்று கிடைக்குமா என்று விசாரியுங்கள்.