ஸ்கோப்பும் குறுக்குக் கம்பியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இலையுதிர்கால வேட்டைப் பருவம் நெருங்குகிறது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஸ்கோப், அதாவது துப்பாக்கிமேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி பற்றித்தான். உரிமமும் அனுமதிச் சீட்டும் கையில் உள்ளவர்களுக்கான பதில்கள் இவை. அது இல்லாதவர்கள் முதலில் அதற்கு வழி பாருங்கள்.

கே (சட்பரி, ஒன்டாரியோ): மூஸ் (பெரிய காட்டு மான்) வேட்டைக்கு .30-06 ரைஃபிள் வாங்கியிருக்கிறேன். 3-9×40 போதுமா, 4-16×50 வாங்கவா?

ப: 3-9×40, அதாவது 3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன்லென்ஸ், தாராளம். 2-7×33 கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்கோப் வாங்கும்போது எல்லோரும் பெரிய எண்ணைப் பார்க்கிறார்கள். நீங்கள் சின்ன எண்ணைப் பாருங்கள். வட ஒன்டாரியோக் காட்டில் மூஸ் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் வரும். சில சமயம் 20 கஜத்தில், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் 4 மடங்கு உருப்பெருக்கத்தில் தெரிவது வெறும் பழுப்பு மயிர்தான். எது தோள், எது தொடை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வெளிச்சக் கணக்கும் சுலபம். முன்லென்ஸ் அளவை உருப்பெருக்கத்தால் வகுங்கள். 40-ஐ 6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். இருட்டில் இளவயதுக் கண்ணின் பாவை விரிவதே அவ்வளவுதான். அதே 50 மி.மீ. லென்ஸை 16 மடங்கில் வைத்தால் 3 மி.மீ.தான், அந்தியில் ஒன்றும் தெரியாது. ஒன்டாரியோவில் சூரியன் மறைந்து அரைமணி வரை சுடலாம். அந்த அரைமணிக்கு 6 மடங்கில் வைத்த நல்ல கண்ணாடி போதும். 50 மி.மீ. லென்ஸுக்கு ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் உயரும், கன்னம் துப்பாக்கிக் கட்டையை (ஸ்டாக்) விட்டு எழும்பும். அதையும் யோசியுங்கள்.

நடக்கும்போது எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில் வையுங்கள். தூரத்தில் நிற்கும் விலங்கு கூட்டிக்கொள்ள நேரம் தரும், பக்கத்தில் எழும்பும் விலங்கு குறைக்க நேரம் தராது.

கே (ஊர் எழுதவில்லை): நல்ல ஸ்கோப் ஒன்று சொல்லுங்கள்.

ப: எந்த விலங்கு, எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம்? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் இப்படி நாலு கடிதம் வருகிறது.

கே (மெல்பர்ன்): 30 மி.மீ. டியூப் ஒரு அங்குல டியூபைவிட அதிக வெளிச்சம் தருமா?

ப: தராது. குறியைச் சரிசெய்யும் கிளிக் திருப்ப இடம் கூடும், டியூப் கொஞ்சம் உறுதியாக இருக்கும். வெளிச்சம் லென்ஸிலும் அதன் பூச்சிலும் இருக்கிறது.

கே (லண்டன்): நமீபியாவின் சம்பேசி பகுதிக்கு எருமை வேட்டைக்குப் போகிறேன். ரைஃபிள் .375 எச் அண்ட் எச். ஏற்கெனவே வைத்திருக்கும் 4-12×50 போதாதா?

ப: போதாது. அதைக் கழற்றி மான் ரைஃபிளில் போடுங்கள். துப்பாக்கியில் குறையில்லை; நமீபியா எருமைக்குக் கேட்பது 5,400 ஜூல், உங்கள் .375, 300 கிரெயின் (தோட்டா எடையின் அலகு) தோட்டாவில் 5,700 ஜூல் போலத் தரும். கேப் எருமையை 100 மீட்டருக்குள், முடிந்தால் 50 மீட்டருக்குள் சுடுவார்கள். காயம்பட்டால் புதருக்குள் போய்க் காத்திருக்கும். அது திரும்பி வரும்போது உங்களுக்குத் தேவை 1 மடங்கு, இரண்டு கண்ணும் திறந்தபடி. 1-4×24 அல்லது 1-6×24 போடுங்கள்.

ஐ ரிலீஃப், அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி, 9 சென்டிமீட்டருக்குக் குறையவே கூடாது. கடையில் நின்று பார்த்தால் எல்லா ஸ்கோப்பும் வசதியாகத்தான் தெரியும். மேட்டை நோக்கியோ படுத்தோ சுடும்போது தலை முன்னே போய்விடும், .375-இன் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிறை வடிவில் கிழிக்கும். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் முக்கோல் தாங்கியில் வைத்து, நின்றபடி சுடச் சொல்வார்கள். ஊரிலேயே அப்படி நின்று பழகுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஜீரோ செய்ததோடு (குறியும் தோட்டா படும் இடமும் ஒரு தூரத்தில் ஒத்துப்போகச் செய்ததோடு) கிளம்பாதீர்கள்.

ரெட்டிகிள் (குறுக்குக் கம்பி): தடித்த கரங்கள் கொண்ட ஜெர்மன் 4 அல்லது டூப்ளெக்ஸ், நடுவில் ஒளிரும் புள்ளி. ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் மவுண்ட் கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். குழல்மேல் இரும்புக் குறியும் இருக்கட்டும். கண்ணாடி உடைந்தால் பிழைக்க அதுதான் வழி.

கே (கேல்கரி): .300 வின்செஸ்டர் மேக்னம், 200 கஜத்தில் ஜீரோ. ஸ்கோப் 3-9, தூரக் குறிகள் உள்ள பிடிசி ரெட்டிகிள். தூரம் அளக்கும் ரேஞ்ச் ஃபைண்டரில் சரியாக 300 கஜம் காட்டிய எல்க் (பெரிய மான்) மீது 300-இன் குறியை வைத்துச் சுட்டேன். முதுகுக்கு மேலே போய்விட்டது. நீங்கள் சொல்கிறபடி 3 மடங்கில் வைத்துத்தான் நடந்தேன், சுடும்போதும் மாற்றவில்லை. கடைக்காரர் 5-25×56, முதல் தளம், கிறிஸ்துமஸ் மர ரெட்டிகிள் (கீழே போகப்போக விரியும் புள்ளி வரிசைகள்) வாங்கச் சொல்கிறார்.

ப: வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: நடந்தது 3 மடங்கில், சுட்டதும் 3 மடங்கில். உங்கள் ஸ்கோப் இரண்டாம் தளத்து ரெட்டிகிள்: உருப்பெருக்கம் மாறினாலும் குறி அதே அளவில்தான் தெரியும். அதன் தூரக் குறிகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் உண்மை சொல்லும், பெரும்பாலும் உச்சத்தில், அதாவது 9-இல். 180 கிரெயின் தோட்டா, 200 கஜ ஜீரோ என்றால் 300 கஜத்தில் சுமார் 7 அங்குலம் இறங்கும். 9 மடங்கில் அந்தக் குறி அந்த 7 அங்குலத்தைத்தான் ஈடுகட்டும். 3 மடங்கில் அதே குறி மூன்று மடங்கு விரிந்து 21 அங்குலம் ஆகிவிடும். தோட்டா 14 அங்குலம் மேலே போனது. எல்க்கின் நெஞ்சுக்கூடு மேலிருந்து கீழே இரண்டடி, நடுவிலிருந்து முதுகுக்கு ஓரடி. முழுதாகத் தவறியதற்கு நன்றி சொல்லுங்கள். நீங்கள் ஐந்து மடங்கில் வைத்திருந்தால் முதுகெலும்பை ஒட்டிய சதையில் பட்டு, அந்த விலங்கு மூன்று மலை தாண்டிப்போய் நாட்கணக்கில் துடித்துச் செத்திருக்கும்.

இதைப் பெட்டிக்குள் வரும் கையேட்டில் சின்ன எழுத்தில் ஒரு வரியாகப் போடுகிறார்கள். விற்பவர் வாயைத் திறப்பதில்லை. ஐந்து குறி, எட்டு குறி, காற்றுக்குத் தனிப் புள்ளி என்று காட்டி, இதை வாங்கினால் 500 கஜத்தில் சுடலாம் என்று புதியவர்களை நம்பவைக்கிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம். குறி கூடினால் கை நடுங்காமல் போகுமா? 400 கஜத்துக்குத் தோட்டா போய்ச்சேர அரை விநாடி ஆகும், அதற்குள் எல்க் ஓரடி எடுத்துவைக்கும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று அந்தத் தூரத்தில் தோட்டாவை ஓரடி தள்ளும். பள்ளத்தாக்கின் நடுவே எவ்வளவு காற்று அடிக்கிறது என்பதை எந்த ரெட்டிகிளும் சொல்லாது.

இப்போது கடைக்காரரின் முதல் தளம். அதில் குறிகள் எல்லா உருப்பெருக்கத்திலும் சரியாக இருக்கும், அது உண்மை. ஆனால் ரெட்டிகிளும் படத்தோடு சேர்ந்து சுருங்கும். 5 மடங்கில் அந்த மரம் சிலந்தி நூலாகிவிடும், அந்தியில் கருத்த பைன் மரங்களின்மேல் அது கண்ணுக்கே தெரியாது. எடை ஒரு கிலோவைத் தொடும், உங்கள் 3-9 அதில் பாதிகூட இராது. காட்டுக்குள் 5 மடங்கே அதிகம். சுடுதளத்துக்கு அருமையான பொருள், மலை ஏறுபவருக்கு அல்ல.

என்ன செய்யலாம்? ஸ்கோப்பை மாற்ற வேண்டாம், ஜீரோவை மாற்றுங்கள். 250 கஜத்தில் ஜீரோ செய்தால் 150-இல் 3 அங்குலம் மேலே, 300-இல் 3 அங்குலம் கீழே, அவ்வளவுதான். எல்க்கின் உயிர்நிலை ஓரடிக்கும் மேல் அகலம். 300 கஜம் வரை நடுக்கம்பியை நெஞ்சின் நடுவில் வைத்துச் சுடுங்கள், கீழே உள்ள குறிகளை மறந்துவிடுங்கள். அதற்கு அப்பால் நின்றால் இன்னும் பக்கத்தில் போங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். லியூபோல்ட் 1962-இல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் இன்றுவரை கடையில் இருப்பதற்குக் காரணம் அதில் குழம்ப ஒன்றுமில்லை என்பதே.

கே (வான்கூவர்): ஒளிரும் ரெட்டிகிள் வீண் செலவா?

ப: கருங்கரடி, எருமை, காட்டுப்பன்றி போன்ற கறுத்த விலங்குக்கு வீணல்ல. கறுப்புமேல் கறுப்புக் கம்பி தெரியாது. அந்தியில் ஆகக் குறைந்த ஒளியில் வையுங்கள். பிரகாசம் கூடினால் புள்ளி மட்டும் தெரியும், விலங்கு மறைந்துபோகும். பேட்டரி செத்தாலும் சுடக்கூடிய தடித்த கம்பி வேண்டும். மின்சாரம் உள்ள ஸ்கோப்புக்கு அமெரிக்க மாநிலங்களில் விதிகள் வேறுபடும். போகுமுன் பாருங்கள்.

கே (கிரைஸ்ட்சர்ச்): செம்மான் வேட்டைக்கு மலையேறும்போது எடை குறைக்க பைனாகுலரை விட்டுவிட்டு ஸ்கோப்பிலேயே தேடலாமா?

ப: கூடவே கூடாது. ஸ்கோப்பில் எதைப் பார்க்கிறீர்களோ அதன்மேல் குழலை நீட்டியிருக்கிறீர்கள். ஏப்ரலில் ஆண்மான்கள் கத்தும் பருவத்தில் உங்கள் நாட்டுக் காட்டில் ஒவ்வொரு சரிவிலும் இன்னொரு வேட்டைக்காரர் இருப்பார். ‘இலக்கை ஐயமின்றி அடையாளம் காண்’ என்பது நியூசிலாந்தின் ஏழு துப்பாக்கி விதிகளில் ஒன்று. மனிதர்களை மான் என்று நினைத்துச் சுட்டிருக்கிறார்கள். 8×30 பைனாகுலர் அரைக் கிலோ. சுமந்து போங்கள்.

கே (ஆஸ்லோ): வயது 58. அந்தியில் கம்பி மங்கலாகத் தெரிகிறது.

ப: கண்பக்க வளையத்தைத் திருப்பினீர்களா? வானத்தை நோக்கிப் பிடித்து, ஓரிரு விநாடி மட்டும் பார்த்து, கண்ணை எடுத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும். அப்புறமும் மங்கினால் தடித்த கரங்கள் கொண்ட 4ஏ ரெட்டிகிள், கண் மருத்துவர், இந்த வரிசையில்.

கே (பெர்த்): மூன்று பெட்டி தோட்டா தீர்ந்துவிட்டது, ஜீரோ நிற்கவில்லை. ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பட்டுமா?

ப: முதலில் திருகுகளைப் பாருங்கள். பத்தில் எட்டு ‘கெட்ட’ ஸ்கோப் தளர்ந்த மவுண்ட்தான். எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். ரிங் திருகுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, ரிங்குக்குக் கீழே துப்பாக்கியில் பூட்டும் பேஸுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு. கைக்கணக்கில் இறுக்கி டியூபை நசுக்காதீர்கள்.

விமானத்தில் கொண்டுபோனால், இறங்கிய இடத்தில் காகிதத்தில் இரண்டு மூன்று சுட்டுப் பார்க்காமல் விலங்கை நோக்கிக் குழலைத் தூக்காதீர்கள். தெற்கு ஆப்பிரிக்காவில் ரத்தம் சிந்தினாலே முழுக் கட்டணம், விலங்கு கிடைக்காவிட்டாலும்.