சொகுசுக் கூடாரமா, திறந்த தரிப்பிடமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொத்துவிலிலிருந்து அறுகம்பேக்குச் செல்லும் வழியில் எங்களுக்கு 2 ஏக்கர் தென்னங்காணி உண்டு. சொந்தக் கூடாரத்தோடும், வேனோடும், வாடகை ஆட்டோவோடும் வருகின்ற வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சில ஆண்டுகளாக இரவு தங்க இடம் கொடுத்து வருகிறோம். இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, அங்குள்ள கேரவன் (வாகனத்தால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) தளங்களில் கட்டில், மெத்தை, தனிக் குளியலறை கொண்ட கிளாம்பிங் கூடாரங்கள்தாம் இப்போது பணம் தருகின்றன என்றும், காணி முழுவதையும் அப்படியே மாற்றிவிட வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். வங்கிக் கடனுக்கும் விசாரித்துவிட்டோம். முழுவதையும் மாற்றலாமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: முழுவதையும் மாற்றாதீர்கள். நான்கு கூடாரங்களோடு தொடங்குங்கள், அவற்றையும் கடனில்லாமல் தொடங்க முடியுமா என்று பாருங்கள்.

உங்கள் தம்பி சொல்வது அந்த நாட்டுக்குப் பொருந்தக்கூடியதுதான். குளிரும் மழையும் எந்த மாதத்திலும் வரக்கூடிய இடத்தில், சுவரும் அடுப்பும் உள்ள தங்குமிடத்துக்கு விருந்தினர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். சொந்தக் கூடாரத்தோடு எவரும் வராத மாதங்களிலும் அது வாடகை தருகிறது. உங்கள் காணியின் நிலை வேறு. அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் சித்திரை கடந்து ஐப்பசி வரை நீள்கிறது, அதன்பின் வாடைக்காற்றோடு மாரி தொடங்கிவிடுகிறது. எத்தனை சொகுசான கூடாரமாக இருந்தாலும் அது மாரியில் விருந்தினரைக் கொண்டுவராது. ஆகவே இங்கே நிலையான கூடாரமும், பயணி தன் கூடாரத்தையோ வேனையோ நிறுத்தும் திறந்த தரிப்பிடமும் அதே சில மாதங்களுக்குள்தான் உழைத்தாக வேண்டும்.

இதை எண்களில் பார்ப்போம். பின்வருபவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள், அவற்றின் இடத்தில் உங்கள் தொகைகளை இட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிளாம்பிங் கூடாரத்தை மேடை, குளியலறை, தளபாடங்களுடன் அமைக்க 12 இலட்சம் ரூபாய் ஆகிறது என்றும், அது 6 ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்தால், ஆண்டுக்கு 2 இலட்சம் அதன் தேய்மானம். இரவு வாடகை 15,000 ரூபாயில் சலவை, காலை உணவு, பணியாளர் கூலி, முன்பதிவுத் தளங்களின் தரகு ஆகியவை 6,000 ரூபாயை எடுத்துக்கொண்டால் கையில் நிற்பது 9,000. அதே நிலத்தில் கிட்டத்தட்ட இரண்டு தரிப்பிடங்கள் அமையும். ஒன்றுக்கு 3,000 ரூபாய் வாங்கி, நீருக்கும் துப்புரவுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் இரண்டிலும் சேர்த்து 4,800 மிஞ்சும். இரவுக்கு 4,200 ரூபாய் வித்தியாசம். 2 இலட்சம் தேய்மானத்தை இந்த வித்தியாசத்திலிருந்து ஈடுசெய்ய 48 இரவுகள் தேவை. கூடாரம் அதற்கு மேல் நிரம்பினால்தான் தரிப்பிடத்தை வெல்கிறது. அந்த 12 இலட்சத்தையும் 12 வீத வட்டிக்கு எடுத்தீர்களானால், முதலாண்டு வட்டி மட்டும் 1,44,000 ரூபாய். அப்போது 48 என்பது 82 ஆகிவிடுகிறது. முதல் நான்கு கூடாரங்கள் பருவத்தில் 82 இரவுகள் நிரம்பக்கூடும். பத்தாவது கூடாரமும் அப்படி நிரம்பும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. நாடு ஒரு நெருக்கடியைச் சந்தித்துப் பயணிகள் வராமற்போனால் தரிப்பிடம் வெறும் நிலமாகக் காத்திருக்கும். கடனில் வாங்கிய கூடாரம் அப்படிக் காத்திருக்காது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2020 இன் கொரோனாத் தொற்றிலும், 2022 இன் பொருளாதார நெருக்கடியிலும் கிழக்குக் கரையில் விடுதி நடத்தியவர்கள் இதை அனுபவித்தவர்கள், அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

இடத்தைப் பங்கிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். மரநிழலையும் கடற்காற்று வரும் பக்கத்தையும் அதிகப் பணம் தருபவருக்கு ஒதுக்குவது இயல்பாகத் தோன்றும். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சிறிய நைலோன் கூடாரத்துக்குள் காலை ஒன்பது மணிக்கே இருக்க முடியாது, அதில் படுப்பவருக்கு மரநிழல் இல்லையென்றால் மறுநாளே வேறிடம் தேடிப் போய்விடுவார். நிலையான கூடாரத்துக்கோ நிழலை நாம் செய்துகொடுக்க முடியும்: அதன் மேல் இடைவெளி விட்டுக் கிடுகுக் கூரை போட்டால் வெயில் துணியில் நேரே படாது, துணியும் விரைவில் உக்கிப்போகாது. ஆகவே வேம்பும் பூவரசும் நிற்கும் பகுதியைத் தரிப்பிடங்களுக்கு விட்டுவிட்டு, வெட்டையான பகுதியில் கிடுகுக் கூரையுடன் சொகுசுக் கூடாரங்களை அமைப்பதே என் யோசனை. தென்னையின் கீழ் எதையும் அமைக்க வேண்டாம். தேங்காயும் காய்ந்த மட்டையும் விழுந்து உயிர் போகக்கூடும் என்பது நமக்குத் தெரியும், ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு அது நினைவில் வராது. அமைத்தே ஆகவேண்டுமென்றால் பருவம் தொடங்குமுன்னும், பருவத்துக்குள் ஒழுங்காகவும் குலைகளை இறக்கிவிடுங்கள்.

பிரித்தானியாவில் 1960 ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கும்போது பின்பற்றப்படும் மாதிரி நியமங்கள், ஒரு கேரவனுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 மீற்றர் இடைவெளி கேட்கின்றன. தீ பரவாமல் இருப்பது அதன் முதன்மையான நோக்கம். கிடுகு சேரும்போது அந்த 6 மீற்றரை நாமும் குறைக்கக் கூடாது. ஆனால் பயண கேரவன்களுக்கு ஏக்கருக்கு 30 வரை இடமளிக்கும் அவர்களின் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் 2 ஏக்கருக்கு அது 60 ஆகிறது, உங்கள் கிணறு அதைத் தாங்காது.

கேள்வி: கல்குடாவில் ஆறு தரிப்பிடங்களும் மூன்று கிளாம்பிங் கூடாரங்களும் வைத்திருக்கிறேன். கூடாரங்களுக்குத் தனிக் குளியலறை கட்டிய பின், தரிப்பிடத்தில் தங்குபவர்கள் தங்களை இரண்டாந்தரமாக நடத்துவதாக முறையிடுகிறார்கள். கிணற்று நீரும் சற்று உவர்க்கத் தொடங்கியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கல்குடா

பதில்: இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரும் சிக்கல்கள் என்று நினைக்கிறேன். கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலெழுந்து கிணற்றுக்கு வந்துவிடும். தனிக் குளியலறைகள் அமைந்ததும் மூன்று கூடாரங்களே ஆறு தரிப்பிடங்களைவிட அதிக நீரை எடுக்கத் தொடங்கியிருக்கும். பெரிய தாங்கி ஒன்றை வைத்து, இரவில் சிறிய மோட்டாரால் நீண்ட நேரம் மெதுவாக நிரப்புங்கள். கூடாரங்களின் குளியலறைக்கு நீரைக் குறைத்துப் பாய்ச்சும் பூவாளிக் குழாய் போதும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுங்கள். மணலில் கழிவுநீர் வேகமாக ஊர்ந்து செல்லும் என்பதால் இதில் ஊகத்துக்கு இடமில்லை.

தரிப்பிடத்தவரின் முறைப்பாட்டை நான் முழுவதும் ஏற்கிறேன். அவர்கள் கேட்பது மெத்தையை அல்ல, சுத்தமான பொதுக் குளியலறையையும் இரவில் எரியும் விளக்கையும் கைபேசிக்கு மின்னேற்ற ஓர் இடத்தையும்தான். அடுத்து வரும் பணத்தை நான்காவது கூடாரத்தில் போடாமல் பொதுக் குளியலறையில் போடுங்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாக, உள்ளே ஈர உடையைத் தொங்கவிடக் கொக்கியும், சவர்க்காரம் வைக்கத் தட்டும் இருக்கட்டும். வேன்களுக்கு வெளியில் மின் இணைப்புக் கொடுப்பதானால், ஒவ்வொரு இணைப்புக்கும், மின்கசிவு 30 மில்லி அம்பியரைத் தொட்டால் துண்டிக்கும் பாதுகாப்பு ஆளியை உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு பொருத்துங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்காகக் கட்டாயம் செய்ய வேண்டியது இது. சமையற்கூடத்தையும் மேசைகளையும் இரு சாராருக்கும் பொதுவாகவே வைத்திருங்கள். வேனில் வருபவர் சொல்லும் பாதைகளைக் கேட்பதற்காகவே கூடாரத்தில் தங்குபவர் அங்கே வந்து அமர்வதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: நாவலடியில் கடற்கரையை ஒட்டிய காணியில் தரிப்பிடம், கிளாம்பிங் கூடாரம் இரண்டையும் கலந்து தொடங்க எண்ணியிருக்கிறோம். கொங்கிறீற் மேடை போடலாமா? மாரியில் கூடாரங்களை அப்படியே விடலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை எதற்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதால், கொங்கிறீற் ஊற்றுமுன் அங்கும் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபை அல்லது மாநகர சபையிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். என் விருப்பம், கழற்றக்கூடிய மரமேடை. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் வந்துபோன கரை அது, நாவலடி மக்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி நடுவில் துணிகளைக் கழற்றி நன்றாக வெயிலில் உலர்த்தி, மடித்து, எலி ஏறாத பரணில் வையுங்கள். ஈரத்தோடு மடித்த துணி பங்குனியில் கரும்புள்ளியோடுதான் வெளியே வரும். மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மேடையின் மரங்களுக்கு எண்ணெய் பூச அந்த மாதங்களே ஏற்றவை.