நாட்கூலிக்காரருக்கும் பணிக்கொடை உண்டு

கேள்வி: என் கணவர் அம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ஏழு வருடம் மூட்டை தூக்கினார். நாட்கூலி, கையில் காசு. இரண்டு மாதத்துக்கு முன் "இனி வர வேண்டாம்" என்றுவிட்டார்கள். சேமலாப நிதி (EPF) கட்டவே இல்லை. நாட்கூலிக்கு அதெல்லாம் கிடையாதாம். 50,000 ரூபாய் தருகிறார்களாம், கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்து வைக்க வேண்டுமாம். வாங்கலாமா?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கையெழுத்து வைக்க வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள்.

பணிக்கொடை என்பது வேலையை விட்டு நிற்கும்போது முதலாளி தர வேண்டிய தொகை. இலங்கையின் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்கூலிக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் கூலி. ஏழு வருடத்துக்கு 98 நாள். கடைசிக் கூலி 2,500 ரூபாய் என்று வைத்தால் 245,000 ரூபாய். 15 பேருக்குக் குறைந்த இடம், அதனால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று முதலாளி சொல்லக்கூடும். நிறுத்துவதற்கு முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்தாலே போதும். பெரும்போக அறுவடை நேரத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கணவரிடம் கேளுங்கள். சீசன் இடைவெளிகளைக் காட்டி சேவை தொடர்ச்சியில்லை என்றும் வாதாடுவார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

சேமலாப நிதி நாட்கூலிக்கும் கட்டாயம். கூலியில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். உரிய நேரத்தில் கூலியில் பிடிக்காமல் விட்ட 8 வீதத்தை இப்போது உங்களிடம் கேட்க முடியாது, இரண்டையும் அவர்தான் கட்ட வேண்டும். முதலாளி மட்டும் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதம் வேறு.

சிக்கல் சாட்சியில்தான். கையில் காசு கொடுப்பதே தடம் இல்லாமல் இருக்கத்தானே! லொறித் துண்டு, வாட்ஸ்அப் செய்தி, ஆலையில் எடுத்த படம், எது இருந்தாலும் சேருங்கள். இன்னும் அங்கே வேலை செய்கிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அடுத்த போகத்துக்கும் அந்தக் கூலிதானே வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்பே விலகியவர்களைத் தேடுங்கள். அவர்களுக்கும் இதே பாக்கி இருக்கும், சேர்ந்து போனால் பலம் வேறு.

இடையில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோ பள்ளிவாசல் தலைவரோ சமரசம் பேச வரலாம். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் தொகையைச் சட்டக் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நிறுத்தியதை எதிர்த்துத் தொழில் நியாய சபைக்குப் போவதானால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு மாதம் போய்விட்டது. சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அடையாள அட்டைப் பிரதியோடு போங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் வெளியே வர வேண்டாம்.