ஒரு காப்பியத்தில் பாத்திரத்தையும் மையக்கருத்தையும் எப்படி அலசுவது?

கதையில் என்ன நடக்கிறது என்பது நிகழ்வு. அந்த நிகழ்வுகள் எல்லாம் சேர்ந்து திரும்பத் திரும்ப எதைப் பற்றிப் பேசுகின்றனவோ, அதுதான் மையக்கருத்து.

சரி, இதைப் பாத்திரம் வழியாக ஏன் தேட வேண்டும்? நெருக்கடியில் ஒருவர் எடுக்கும் முடிவில்தான் படைப்பின் கேள்வி வெளிப்படுகிறது. நண்பரை நாம் எப்படி எடைபோடுகிறோம்? அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை வைத்தா, கஷ்டத்தில் நடந்துகொள்வதை வைத்தா? அதே கணக்குதான்.

சிலப்பதிகாரத்தின் பாண்டியனைப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட கோவலனைத் தீர விசாரிக்காமல் கொல்லச் சொல்கிறான். கோவலனின் மனைவி கண்ணகி, அது தன் சிலம்பே என்று காட்ட உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. தன் தவறு புரிந்த கணமே, தானே கள்வன் என்று சொல்லி உயிர் விடுகிறான். அவனை வெறும் கொடுங்கோலன் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமனாகும் என்ற கருத்து, அறிவுரையாக இல்லாமல் ஒரு மனிதனின் சாவாக நம் முன் நிற்கிறது.

பலர் மையக்கருத்தைக் கதையின் நீதி என்று நினைக்கிறார்கள். நீதி ஒரு முடிவைச் சொல்லிவிடும், மையக்கருத்தோ பல கோணங்களில் விவாதிக்க இடம் தரும்.