பழைய கோப்புகளை அழிக்கும் வேலை: நிலாவெளித் தாயொருவருக்கு

அன்புள்ள அம்மா,

கடந்த கிழமை நிலாவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு, நேரம் போதாமையால் அரைகுறையாகவே விடை சொல்லி அனுப்பினேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் உங்கள் மகன் திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் பயிற்சியாளராக இருக்கிறார். அங்குள்ள லினக்ஸ் சேவையகத்தின், அதாவது அலுவலகத்தின் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பொதுக் கணினியின், வன்தட்டு நிரம்பிவிடுவதால், 30 நாளைக் கடந்த காப்புப் பிரதிகள் தாமாகவே அழியும்படி ஓர் ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "எதையாவது அழித்துவிட்டுப் பழி சுமக்கப் போகிறான், வேலையை விடச் சொல்லட்டுமா?" என்று கேட்டீர்கள். விடச் சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் இடத்தில், அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். இந்த வேலைக்கு வழமையாகப் பயன்படும் ஃபைண்ட் என்ற கட்டளையில், எந்தக் கோப்புறையில் தேட வேண்டும், கோப்புகளை மட்டும் எடுக்க வேண்டுமா, எத்தனை நாள் பழையதாக இருக்க வேண்டும் என்பவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, டெலீட் என்ற சொல்லை ஆகக் கடைசியில் எழுத வேண்டும். அந்தக் கட்டளை நிபந்தனைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வதால், டெலீட் முன்னே வந்துவிட்டால் நாள் கணக்கைப் பார்க்குமுன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். இந்த ஆலோசனைப் பணிக்கு வருமுன் நான் சேவையகங்களைப் பராமரித்த ஓர் இடத்தில், அவசரத்தில் இதே பிழையை நானே செய்தேன். அன்று காலை பதிந்த கணக்குக் கோப்புகளும் சேர்ந்து போயின. மூன்று இரவுகள் உட்கார்ந்து, காகிதத்தில் இருந்த பற்றுச்சீட்டுகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். அன்றிலிருந்து, டெலீட் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் பிரிண்ட் என்று எழுதி, வரும் பட்டியலை வரிவரியாக வாசிக்காமல் நான் எதையும் அழித்ததில்லை.

மகன் அலுவலகச் சேவையகத்தைத் தொடுமுன் வீட்டுக் கணினியில் ஒரு வெறுங் கோப்புறையை உருவாக்கட்டும். அதில் இருபது கோப்புகளை வைத்து, டச் என்ற கட்டளையால் சிலவற்றின் திகதியை 40 நாள் பின்னுக்குத் தள்ளி, சிலவற்றின் பெயரில் வேண்டுமென்றே இடைவெளி விட்டுப் பழகலாம். ஃபைண்டில் நாள் கணக்கைச் சொல்லும் எம்டைம் என்ற நிபந்தனைக்கு 'பிளஸ் 30' கொடுத்தால், 24 மணித்தியாலக் கணக்கில் மிச்சத்தைத் தள்ளிவிட்டே அது எண்ணும் என்பதால், 31 முழு நாள்கள் ஆன கோப்பு மட்டுமே அகப்படும் என்பதை அப்போது கண்ணாலேயே காண்பார். அது பார்ப்பது கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தை. கோப்பு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த நாளை அல்ல. வேறு கணினியிலிருந்து பழைய திகதி மாறாமல் இன்று கொண்டுவந்த கோப்பு, இன்றிரவே அழிந்துவிடக் கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. புதிய காப்புப் பிரதி எடுக்கும் வேலை ஏதோ காரணத்தால் நின்றுபோய், ஒருவரும் கவனிக்காமல் விட்டால், அழிக்கும் வேலை மட்டும் நாள் தவறாமல் நடந்து, ஒரு மாதம் கழிந்ததும் ஒரு பிரதிகூட மிஞ்சாது. ஆகவே, நேற்றைய பிரதி இருக்கிறதா, அது வெற்றுக் கோப்பாக இல்லையா என்று பார்த்த பிறகே பழையதைத் தொடும்படி அவர் எழுத வேண்டும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் க்ரொன் என்ற நிரல்தான் நாள்தோறும் இரவில் இதை இயக்கும். அதற்கு நேரத்தைச் சொல்லும் வரியில் முதல் இடம் நிமிடத்துக்கு, இரண்டாவது மணிக்கு. நிமிடத்தின் இடத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அறுபது தடவை ஓடும்.

பழி பற்றிய உங்கள் கவலைக்கு வழி, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதுதான். அந்த முடிவு பயிற்சியாளருடையது அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஆட்களின் விபரங்களைத் தேவைக்கு மேலான காலத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆகவே நிறுவனங்களுக்கு இந்த வேலையைப் பொறுப்போடு செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும்.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கிடைத்தால் அவர் தாராளமாகப் போகட்டும். கிடைக்காவிட்டால் தேசிய தொழில் தகைமை வழியாக டிப்ளோமா வரை படிக்கலாம். எந்த வழியாகப் போனாலும், நேர்முகப் பரீட்சையில் முறைமை நிர்வாகி வேலைக்கு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, எதையாவது அழிக்குமுன் என்ன செய்வீர்கள் என்பதுதான். அதற்கு உண்மையான அனுபவத்திலிருந்து பதில் சொல்லும் வாய்ப்பு உங்கள் மகனுக்குப் பத்தொன்பது வயதிலேயே வந்திருக்கிறது.

வீட்டில் பழகிய கட்டளைகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரும் சனிக்கிழமை காலை அவரை என்னிடம் அனுப்புங்கள். அலுவலகத்தில் இயக்குமுன் ஒவ்வொரு வரியையும் நான் அவருடன் இருந்து பார்க்கிறேன்.