சின்ன அலையில் சட்டென்று திரும்ப எந்த ஃபின் (சர்ஃப் போர்டின் அடியில் பொருத்தும் துடுப்பு)? கேள்வி பதில்

கே: அண்ணா, கோவளத்தில் சர்ஃப் பண்ணுகிறேன். எடை 62 கிலோ. போர்டு 5 அடி 10 அங்குலம், மூன்று ஃபின். அலை பெரும்பாலும் இடுப்பளவுதான். டேர்ன் போட்டால் வளைவு பெரிதாகப் போய் அலையை விட்டே வெளியே வந்துவிடுகிறேன். சின்ன ஃபின் வாங்கினால் சரியாகுமா?

அளவை விடுங்கள் தம்பி, முதலில் சாய்வைப் பாருங்கள். இப்போது இருக்கும் ஃபின்னைக் கழற்றி ஒரு காகிதத்தில் படுக்க வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரையுங்கள். அடிப்பாகம் பின்னால் முடிகிற இடத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு போடுங்கள். நுனி அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் நன்றாக நீண்டிருக்கிறதா? அப்படியானால் அது நீளமான வளைவுக்குச் செய்த ஃபின். இந்தச் சாய்வைத்தான் ரேக் என்கிறோம். பின்னால் தள்ளி இருக்கும் பரப்பு, போர்டைப் போன திசையிலேயே பிடித்து வைக்கப் பார்க்கும். வேகமான பெரிய அலையில் அந்தப் பிடி வேண்டும். இடுப்பளவு அலையிலோ, வளைவு முடிவதற்குள் அலையே தீர்ந்துவிடும். நுனி நிமிர்ந்திருக்கும் ஃபின்னைப் போட்டால் பின்னங்காலை அழுத்திய இடத்திலேயே போர்டு சுழலும்.

அளவைக் குறைத்தாலும் போர்டு இளகி எளிதாகத் திரும்பும், உண்மைதான். ஆனால் ரொம்பக் குறைத்தால் அலையின் அடியில் திரும்பும்போதே போர்டின் வால் வழுக்கும், வேகமும் போய்விடும். சின்ன அலையில் வேகம் இல்லாமல் எந்த டேர்னும் வராது. ஃபின் செய்யும் எஃப்சிஎஸ் நிறுவனத்தின் கணக்கில் ஸ்மால் சுமார் 55 முதல் 70 கிலோவுக்கு, மீடியம் 65 முதல் 80 கிலோவுக்கு. நீங்கள் ஸ்மாலிலேயே ரேக் குறைந்ததாக எடுங்கள்.

கே: முழு செட் வாங்கக் காசு இல்லை. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

தாராளமாக. நடு ஃபின்னை மட்டும் மாற்றுங்கள். முன்னால் இருக்கும் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, பின்னால் கொஞ்சம் சின்னதாக, நிமிர்ந்ததாக ஒன்று போதும். குறைந்த செலவில் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிற வேலை வேறு எதுவும் இல்லை. வாங்கும் முன் போர்டின் அடியைப் பாருங்கள். எஃப்சிஎஸ் ஃபின்னுக்கு இரண்டு கால், இன்னொரு நிறுவனமான ஃபியூச்சர்ஸின் ஃபின்னுக்கு ஒரே நீளமான கால். ஒன்றுக்குரியது மற்றதில் உட்காராது.

கே: இலங்கையில் அறுகம்பேயில் இருக்கிறேன். பக்கத்து விஸ்கி பாயிண்டில் அலை சின்னதாக இருக்கும் நாட்களுக்கு இரண்டு ஃபின் நல்லதா, நான்கா?

இரண்டு ஃபின் சின்ன அலையில் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆஸ்திரேலிய சர்ஃபர் மார்க் ரிச்சர்ட்ஸ் காட்டியாயிற்று. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டம், அந்தக் காலத்தில் அவர் அடையாளமே இரட்டை ஃபின் போர்டுதான். நடுவில் ஃபின் இல்லாததால் தண்ணீரின் இழுவை குறைவு, வாலும் இளக்கம். செங்குத்தான அலையில் அதே இளக்கம் வழுக்கலாகிவிடும். அதற்கு மருந்தாகத்தான் அதே நாட்டு சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் சம அளவில் மூன்றாவது ஃபின்னைச் சேர்த்தார். 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச்சில் நடந்த போட்டியில் பெரிய அலைகளில் அந்தப் போர்டோடு ஜெயித்தார். அதற்கப்புறம் உலகமே மூன்றுக்கு மாறிவிட்டது.

உங்கள் ஊர் அலை வலப்பக்கமாக நீண்டு ஓடுவது. ஓடிக்கொண்டே இருக்க நான்கு ஃபின் அருமையாக வேகம் தரும். ஆனால் நீங்கள் கேட்பது குறுகிய டேர்ன் என்றால், நான்கில் ஊன்றித் திரும்ப நடுவில் ஒரு புள்ளி கிடைக்காது. என் தேர்வு: இரண்டு ஃபின், பின்னால் துணைக்கு மிகச் சின்னதாக ஒன்று. இளக்கமும் இருக்கும், மேலே போய்த் திரும்பும்போது வாலும் கையை விட்டுப் போகாது.

கே: போர்டோடு வந்த பிளாஸ்டிக் ஃபின்னே போதாதா?

கற்றுக்கொள்ளும்போது போதும். டேர்ன் போடத் தொடங்கியதும் மாற்றுங்கள். அழுத்துகிற நேரத்தில் பிளாஸ்டிக் வளைந்து கொடுத்துவிடுகிறது. நீங்கள் கொடுத்த விசை டேர்னாக மாறாமல் வீணாகிறது. கண்ணாடியிழை ஃபின் எதிர்த்து நிற்கும். நுனி மட்டும் லேசாக வளைந்தால் நல்லது, அடிப்பாகம் வளையக் கூடாது.

கே: எனக்கு 9 அடி லாங்போர்டு, ஒற்றை ஃபின். இதில் சட்டென்று திரும்பவே முடியாதா?

ஷார்ட்போர்டு போலத் திரும்பாது. ஆனால் ஒரு காசும் செலவில்லாமல் கொஞ்சம் இளக்கலாம். போர்டின் அடியில் ஃபின் செருகும் பெட்டிக்குள் ஃபின் முன்னும் பின்னும் நகரும். திருகைத் தளர்த்தி, போர்டின் மூக்கு, அதாவது முன் நுனிப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளி இறுக்குங்கள். பின்னால் தள்ளினால் நேராகப் போகும், முன்னால் தள்ளினால் எளிதாகத் திரும்பும். அப்படியும் கனமாகத் தெரிந்தால் 10 அங்குல ஃபின்னுக்குப் பதில் 8 அங்குலம் போடுங்கள். மூக்கில் நடந்து போய் நிற்கிற ஆசை இருந்தால் பெரியதையே வைத்துக்கொள்ளுங்கள், வாலைத் தண்ணீரில் பிடித்து வைக்க அது உதவும்.

கே: என் பையன் ஃபோம் போர்டில் இப்போதுதான் எழுந்து நிற்கிறான். அவனுக்கு?

இருக்கும் ஃபின்னை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். விளிம்பைத் தடவிப் பார்த்து, கூராக இருந்தால் மட்டும் உப்புத்தாளால் மழுக்கிக் கொடுங்கள்.