வாசகர் கேள்வி பதில்: மகன் சொல்லும் "ஊடா"

கேள்வி: புறக்கோட்டையில் 30 வருடமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். எம்.பி.ஏ. படிக்கும் மகன், "அப்பா, நீங்கள் சரியான ஸ்லோ, அமெரிக்க விமானப்படைக்காரர் ஒருவர் 'ஊடா லூப்' என்று ஒன்று சொல்லியிருக்கிறார், வேகமாகச் சுற்றுகிறவன்தான் வெல்வான்" என்று சொல்லிச் சொல்லியே போன மாதம் மூன்று தரம் விலையை மாற்றிவிட்டான். பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவன் சொல்வது சரியா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: பாதி சரி. அந்த மற்றப் பாதியில்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள்.

அந்த விமானப்படைக்காரர் ஜோன் பொய்ட். கொரியப் போரில் எஃப்-86 சேபர் என்ற போர் விமானம் ஓட்டியவர். பிறகு நெவாடாவில் இருக்கும் நெல்லிஸ் தளத்தில் விமானிகளுக்கு வான்சண்டை சொல்லிக்கொடுத்தார். என் வாலுக்குப் பின்னால் வந்து நில்லுங்கள், 40 செக்கனில் நான் உங்கள் வாலில் இருப்பேன் என்று சவால் விடுவாராம், அதனால் "40 செக்கன் பொய்ட்" என்றே பட்டப்பெயர். கொரியாவில் எதிரிகள் ஓட்டிய மிக்-15 இன்னும் வேகமாக மேலேறும், இன்னும் உயரத்தில் பறக்கும். ஆனாலும் சேபர்தான் கூடுதலாக வென்றது. ஏன் என்று பொய்ட் யோசித்தார். சேபரின் கண்ணாடிக் கூண்டு குமிழ் மாதிரி இருந்ததால் விமானிக்கு நாலாபுறமும் தெரிந்தது, விசையை எண்ணெய் அழுத்தத்தால் இழுக்கும் ஹைட்ரோலிக் இருந்ததால் ஒரு திருப்பத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறவும் முடிந்தது. (அமெரிக்க விமானிகளின் பயிற்சியும் ஒரு காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

சட்டென்று பார்த்து சட்டென்று மாறுவது பற்றிய இந்த யோசனைதான் பிறகு ஊடா லூப் ஆனது: பார், நிலைமையைப் புரிந்துகொள், முடிவெடு, செய். பிறகு திரும்பவும் பார். நான்கு ஆங்கிலச் சொற்களின் (Observe, Orient, Decide, Act) முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் இந்த ஊடா, நம்முடைய "ஊடாக" இல்லை. கடைசிக் காலத்தில் பொய்ட் வரைந்த படத்தைப் பார்த்தால் நான்கும் ஒரே அளவில் இருக்காது, இரண்டாவது பெட்டி மட்டும் பெரிதாக வீங்கிப்போய், உள்ளே வளர்ந்த பண்பாடு, பழைய அனுபவம், புதுத் தகவல் என்று நிறைய அடைத்துக்கொண்டு இருக்கும். உங்கள் 30 வருடம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. மகன் அதைத் தாண்டிக் குதித்து மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் போகிறார்.

2022 நினைவிருக்கும்தானே? மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360ஐத் தொட்டது. அந்த நாட்களில் குறுக்குத் தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். பெட்டியில் விலையைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள், அழித்து அழித்து மட்டையே பஞ்சாகிவிட்டது. முதலாளி வயதானவர், பழைய ஆள். எல்லாச் சாமானுக்கும் அவர் விலையை மாற்றவில்லை. இனிமேல் எதைக் கப்பலில் இறக்க முடியாதோ அதற்கு மட்டும் காலையும் மாலையும் மாற்றினார், உள்ளூரில் செய்யும் சாமான் பக்கம் கையே வைக்கவில்லை. "மாஸ்டர், இதைத் தொட்டால் நாளைக்கு ஆள் வராது" என்றார். பொய்டின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

வியாபாரத்தில் வேகம் வெல்லவே வெல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. 1980களின் தொடக்கத்தில் யமஹா பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை கட்டி ஹொண்டாவை முந்தப் பார்த்தது. ஹொண்டா 18 மாதத்தில் 113 மொடல்களைப் புதிதாகவோ மாற்றியோ இறக்கியது, யமஹாவால் 37தான் முடிந்தது. யமஹாவின் பழைய மொடல்கள் விற்காமல் தேங்கின, 1983இல் அது வெளிப்படையாகவே பின்வாங்கியது. ஹொண்டா விலையையும் குறைத்தது, ஆனால் யமஹாவுக்கு மூச்சுத் திணறியது அந்த மொடல் மழையில்தான். அங்கே குழம்பிப்போனது போட்டிக்காரன். உங்கள் கடையில் குழம்பியிருப்பது வாங்க வருகிறவர். மகனை ஒரு கிழமை கல்லாவில் இல்லாமல் வாசலில் நிற்கவிடுங்கள், யார் எதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று பார்க்கட்டும். விலைப் பட்டியலை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் ஒபிசில் எல்லாவற்றுக்கும் கூட்டம். ஒரு பிரிண்டர் மை வாங்கவும் மெனேஜர் கையெழுத்து வேண்டும். வேகமாக முடிவெடுங்கள் என்று திட்டுவதும் அவர்தான்!
- வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இரண்டாம் உலகப் போரில், 1940 மே மாதம் ஜெர்மன் படை பிரான்சின் செடான் என்ற ஊரில் மியூஸ் ஆற்றைக் கடந்தபோது, முன்னால் போனவர்கள் ஒவ்வொரு அடிக்கும் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என்ன நடக்க வேண்டும் என்பதை மேலே இருப்பவர் சொல்வார், எப்படி என்பது கீழே இருப்பவர் பாடு. அது அவர்களுடைய பழைய இராணுவப் பழக்கம். எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமெலின் இருந்த வின்சென் கோட்டையில் ரேடியோவே கிடையாது. செய்தி போய் முடிவு திரும்பி வருவதற்குள் களமே மாறிவிடும். ஆறு கிழமையில் பிரான்ஸ் விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று.

உங்கள் மெனேஜரிடம் ரேடியோ இருக்கிறது, வட்ஸ்அப் கூட இருக்கும், கீழே விட்டுக்கொடுக்கத்தான் மனமில்லை. "பத்தாயிரம் ரூபாய்க்குள் என்றால் நாங்களே வாங்கலாமா சேர்?" என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்கும் ஒரு கூட்டம் வைப்பார். வைக்கட்டும், அந்த ஒன்றுக்கு மட்டும் சந்தோஷமாகப் போங்கள்.